மூன்று தண்ணீரில் போகாத உப்பு

செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. தேர்வில் இதைக் கேட்பார்கள், எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது, இந்த மூன்றிலும் தேறிய கல்லை வைத்து நான் ஒரு பெண்ணுக்கு ஓர் அறையை இல்லாமல் செய்த கதை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவில் டிப்ளமோ படித்தவன். முப்பத்தைந்து வருடம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே சின்ன வீடுகள் கட்டிக்கொடுத்தேன். பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தருவார், ஆளை வைத்து வேலை வாங்கி மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிய கட்டடம் எதுவும் என் பெயரில் இல்லை. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள். பணம் இருக்கிறவர் வீட்டில் தப்பு நடந்தால் அதன்மேல் ஒரு டைல்ஸை ஒட்டிவிடலாம். இவர்கள் வீட்டில் ஒட்டுவதற்கு டைல்ஸ் இருக்காது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கான்ட்ராக்டர் அதிகம் பேசாதவர், பேசினால் பாதி திட்டு. அவர் எனக்குச் சொன்ன உருப்படியான ஒரே விஷயம் இது: "தப்பு நடந்தா அன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு சொன்னா அது வேற வெல." இதை நான் நன்றாகவே கடைப்பிடித்தும் இருக்கிறேன். திமிரியில் ஒரு விவசாயி வீட்டில் மாடிப்படிக்கு மேலே உயரம் குறைவாக வருவதை, கான்கிரீட் போடப் பலகை அடித்த பிறகுதான் கவனித்தேன். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தலையில் இடித்துக்கொண்டிருப்பார்கள். அன்று சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நின்று சொன்னேன். "சார், நீங்க படிச்சு பாஸ் பண்ணீங்களா, இல்ல சும்மா பாஸ் பண்ணீங்களா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். மறுநாள் பலகையைப் பிரித்து அடித்தோம், அரை நாள் கூலியோடு முடிந்தது. மூன்றாம் நாள் அவரே ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். ஆகவே விதி எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஜெயசீலி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள், அதைத் தைக்கிற வரிசையில் பதினாறு வருடம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ், பெல் அடித்தால் உட்கார வேண்டும், பெல் அடித்தால் எழ வேண்டும். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இப்படி ஒன்பது மணி நேரம் குனிந்து உட்காராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கணவர் தேவராஜ் ஒரு பழைய தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். அந்த ஷாப்பை மூடிவிட்டார்கள். கிடைத்த நாளில் மூட்டை தூக்கப் போவார். பத்தாவது படிக்கும் ஒரு பெண். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மனை, பேங்க்கில் லோன்.

நான் போட்ட பிளானில் ஒரு ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை, தெருவைப் பார்த்துத் தனி வாசலோடு பத்துக்குப் பத்து ஒரு முன்னறை. செலவைக் குறைக்க முன்னறையை எடுத்துவிடலாமா என்று முதல் நாளே கேட்டேன். ஜெயசீலி ஒப்புக்கொள்ளவில்லை.

"மத்ததுல எது வேணா கம்மி பண்ணுங்க சார். அந்த ரூமுதான் எனக்கு வீடே. ரெண்டு மிஷினு போட்டா அப்பர எடுத்தாந்து வீட்டுலயே தைப்பேன். கழுத்து வலிச்சா எழுந்து நடப்பேன். பெல்லு அடிக்காத ரூமு சார் அது."

ஒவ்வொரு சாமானிலும் கணக்குப் பார்த்தோம். ஜன்னல், கதவுக்குப் பழைய மரம் பேசினோம். கீல், தாழ்ப்பாள் எல்லாம் வேலூர் லாங் பஜாரில் நானே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். செங்கல்லுக்கு வந்தபோது, அதுவரை ஓரமாக நின்றிருந்த தேவராஜ் வாயைத் திறந்தார்.

"கல்லு என்கிட்ட கீது சார்."

மூடிய ஷாப்பின் பின்பக்கக் கட்டடத்தை இடித்தபோது, வேலை செய்தவர்களுக்கு வேண்டுமானால் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் இரும்பையும் மரத்தையும் தூக்கிக்கொண்டு போக, இவர் கல்லை எடுத்திருக்கிறார். இரண்டு மாதம் தனி ஆளாக உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த பழைய காரையைச் சுத்தியலால் தட்டி எடுத்து, கழுவி, காயவைத்து, மனையின் ஓரத்தில் அடுக்கியிருந்தார். அடுக்கு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. அந்த வீட்டுக்கு அவரால் கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான். அதை அவரும் சொல்லவில்லை, ஜெயசீலியும் சொல்லவில்லை, ஆனால் மூவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இருவரும் நேராக மனைக்கு வந்தார்கள். நான் இரண்டு கல்லை எடுத்துத் தட்டினேன். அப்படி ஒரு ஓசையைப் பல வருடமாக நான் கேட்கவில்லை. கீழே போட்டேன், உடையவில்லை. கீறினேன், நகம்தான் மழுங்கியது.

"அந்தக் காலத்துக் கல்லும்மா. இப்ப யாரும் இப்படிச் சுடறதில்ல" என்றேன்.

"பாத்தீங்களா, சாரே சொல்லிட்டாரு" என்று ஜெயசீலி கணவரைப் பார்த்துச் சொன்னார். தேவராஜ் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், "டேனரி செவுரு சார்" என்றார். "ஓகோ" என்றேன். அந்தச் சுவருக்குள் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் அந்த ஷாப்பில் என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் கருங்கல். அது முடிந்து செங்கல் சுவர் ஆரம்பித்த முதல் நாளே ஓர் எச்சரிக்கை வந்தது. கல்லைத் தொட்டியில் ஊறவைத்துத்தான் கட்டுவோம் இல்லையா, அந்தத் தொட்டியிலிருந்து கல்லை எடுத்துக்கொடுத்த சித்தாள் முனியம்மா கையை உதறிக்கொண்டே வந்தார்.

"சார், கையெல்லாம் எரியுது."

"சிமெண்ட் பட்டா எரியத்தாம்மா செய்யும். கிளவுஸ் போட்டுக்க."

"இன்னும் சிமெண்டே கலக்கலயே சார்."

எனக்கு அப்போது போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியபோது அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார், நானும் மறந்துவிட்டேன். கையில் வெடிப்பு இருக்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்பது டிப்ளமோவில் வரவில்லை.

சுவர் ஜன்னலின் அடிமட்டம் வரை, இடுப்பளவு எழும்பியிருந்தபோது மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் சுள்ளென்று வெயில். வேலைக்குப் போனபோது சுவர் முழுக்க வெள்ளை. தோசைக்கல்லில் மாவு தெளித்தது போலத் திட்டுத் திட்டாக இருந்தது. "எல்லாக் கல்லும் கொஞ்சம் பூக்கும் சார், பிரஷ்ஷு போட்டா போய்டும்" என்றார் மேஸ்திரி. அது உண்மைதான், நல்ல கல்லும் ஓரளவு பூக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தோம், போய்விட்டது. மறுநாள் காலையில் முன்பைவிட ஜாஸ்தியாகப் பூத்திருந்தது.

அன்றைக்கு டீக் கடையில் நின்றிருந்தேன். தேவராஜ் வந்து பக்கத்தில் நின்றார், டீ சொல்லவில்லை.

"செவுரு பூத்திருச்சு சார்."

"பார்த்தேன்."

"அது தோல் உப்பு சார். அந்தக் கல்லு உப்பு குடோன் செவுருது. பச்சத் தோலு வந்து எறங்குனா விரிச்சு உப்பு போட்டு அடுக்குவோம். நாப்பது அம்பது வருசமா மலை மாதிரி உப்பு அந்த செவுத்து மேல சாஞ்சு கெடந்திச்சு. நான் இருவது வருசம் அங்கதான் இருந்தேன்."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"போய்டுச்சுன்னு நெனச்சேன் சார். தோல இன்னா பண்ணுவோம், மூணு தண்ணி ஊற வெப்போம். மொதத் தண்ணி, ரெண்டாந் தண்ணி, மூணாந் தண்ணி. உப்பு சுத்தமா போய்டும். கல்லையும் அப்டித்தான் ஒவ்வொண்ணா மூணு தண்ணி ஊற வெச்சேன். மூணாந் தண்ணிய வாயில வெச்சுகூட பாத்தேன், சப்புன்னு இருந்திச்சு. அப்பறம் நீங்க வந்து தட்டிப் பாத்து நல்லா கீதுன்னீங்க. படிச்சவரே சொல்லிட்டாரு, நான் இன்னா சொல்றது?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் கழுவியது சோம்பேறித்தனத்தால் அல்ல, தனக்குத் தெரிந்த தொழிலின் ஒழுங்குப்படி கழுவியிருக்கிறார். தோல் மெல்லியது, மூன்று தண்ணீரில் உப்பை விட்டுவிடும். செங்கல் வெளியே இருப்பதை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை வைத்துக்கொள்ளும். அவர் மனதில் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்திருக்கிறது. நான் கல்லைத் தட்டிய தோரணையில் அது வாயை மூடிக்கொண்டது.

"பூச்சு பூசிட்டா தெரியாது இல்ல சார்?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அவகிட்ட சொல்லிடாதீங்க சார். இந்தக் கல்லு ஒண்ணுதான் நான் குடுத்தது."

பூச்சு பூசினால் தெரியாதுதான். ஒரு வருடம் தெரியாது, இரண்டு வருடம்கூடத் தெரியாமல் போகலாம். பிறகு மழைக்காலம்தோறும் சுவர் வியர்க்கும், பூச்சு பொரிந்து கொட்டும், ஜன்னலுக்கு மேலே போடுகிற லிண்டலின் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கும். எனக்கு இது அந்த டீக் கடையிலேயே தெரியும். ஆனால் நான், "பார்க்கலாம்" என்றேன். அவருக்காக இரக்கப்பட்டுச் சொன்னதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லைத் தட்டி நல்லது என்று சொன்னது நான். வெளியே தெரிந்தால் ஆம்பூரில் அடுத்த வீடு எனக்கு யார் கொடுப்பார்கள்? அவர் கேட்டது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஒரு கல்லை வீட்டுக்கு எடுத்துப்போய், தட்டில் குடிதண்ணீர் ஊற்றி அதில் நிற்கவைத்தேன். "இன்னாங்க, கல்லுக்கு பூஜையா?" என்று என் மனைவி கேட்டாள். மூன்றாம் நாள் கல்லின் உச்சியில் வெள்ளைக் கிரீடம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஊறுகாய் போடலாம், அவ்வளவு உப்பு.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இன்னொரு கல்லை வைத்துப் பார்ப்போம், கடையில் ஏதாவது ரசாயனப் பூச்சு விற்கிறதா கேட்போம், இந்த வாரம் போகட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். வேலையை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் நிறுத்தவும் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த எட்டு நாளும் சுவர் வளர்ந்துகொண்டே இருந்தது. இடுப்பில் இருந்தது தலைக்கு மேலே போய் லிண்டல் மட்டத்தில் நின்றது.

எட்டாம் நாள் மத்தியானம் ஜெயசீலி பெர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி ஏப்ரனோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பேங்க் படிவம். லிண்டல் வரை வேலை சரியாக முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை லோன் வரும். தேவராஜும் அங்கேதான் இருந்தார், தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஜெயசீலி முன்னறைக்குள் போய் நின்று கையை நீட்டி, மிஷின் இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று அளந்து பார்த்தார். சுவரின் வெள்ளையைப் பார்த்து, "சுண்ணாம்பு அடிச்ச மாதிரியே கீது சார்" என்று சிரித்தார். பிறகு படிவத்தைச் சிமெண்ட் மூட்டைமேல் வைத்து எனக்குப் பேனாவைக் கொடுத்தார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை எழுதவில்லை.

"இன்னா சார், பேனா எழுதலயா?"

"கையெழுத்து போட முடியாதும்மா. இந்தக் கல்லு உப்புக் கல்லு. சுவர் நிக்கும், ஆனா மேல பூசற பூச்சு நிக்காது, கம்பி நிக்காது. நாலஞ்சு வருஷத்துல வீடு உரிஞ்சுடும். கல்லைச் சரியா பாக்காம நல்லதுன்னு சொன்னது நான்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். துப்பினார். பிறகு கேட்டார்.

"எத்தினி நாளா தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாளு முன்னாடி செவுரு எவ்ளோ ஒசரம் இருந்திச்சு?"

என் இடுப்புக்கு நேராகக் கையைக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். அங்கிருந்து மெதுவாக லிண்டல் வரை அண்ணாந்து பார்த்தார். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அவை எல்லாம் மறந்துவிட்டன. அந்தப் பார்வை மறக்கவில்லை.

தேவராஜ் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "நான்தான் சார சொல்லாதீங்கன்னேன். அது உப்பு குடோன் கல்லு, எனக்குத் தெரியும்" என்றார். மூன்று தண்ணீர்க் கதையையும் மனைவியிடம் சொன்னார். ஜெயசீலி கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவரு தெரியாம செஞ்சாரு, தெரிஞ்சப்பறம் பயந்துட்டாரு. எங்க வீட்டு ஆளு, பயப்படலாம். நீங்க பயப்படலாமா சார்? அதுக்குத்தான உங்கள வெச்சோம்."

அந்தத் தீர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

படிவத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். "எடுத்துருங்க" என்றார். சுவரை முழுதாக இறக்குவது, புதுக் கல் வாங்கித் திரும்பக் கட்டுவது, கையில் இருப்பது என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டோம். சுவர் இடுப்பளவில் இருந்தபோதே நிறுத்தியிருந்தால் இழுத்துப் பிடித்து நாலு அறையும் கட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு போன சிமெண்டும் மணலும் கூலியும் சேர்ந்து சரியாக ஓர் அறையைச் சாப்பிட்டிருந்தன. எந்த அறையை விடுவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"முன் ரூமு. படுக்கறதுக்கும் பொங்கறதுக்கும் எடம் வேணும் இல்ல? தைக்கறதுக்குத்தான் கம்பெனி கீதே."

சுவரை இறக்கினோம். இறக்கிய கல் குவியலைப் பார்த்துவிட்டு ஒரு புரோக்கர் வந்தான். நல்ல பழைய கல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பேரணாம்பட்டுப் பக்கம் ஒருவர் வீடு கட்டுகிறார் என்றான். எங்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது, பொய் சொல்வானேன், நானும் ஒரு நிமிடம் ஜெயசீலியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கணவரைப் பார்த்தார். தேவராஜ் பெரிய சுத்தியலை எடுத்துவந்து ஒவ்வொரு கல்லையும் நாலாக உடைக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் சுத்தம் செய்த கல்லை நாலு நாளில் உடைத்தார். மழைக்குச் சேறாகிக் கிடந்த அந்தத் தெருப் பள்ளத்தில் கொட்டி நிரப்பினார். தெரு மேடாகிவிட்டது. இன்றும் மழை விட்டு வெயில் அடித்தால் அந்தத் தெரு வெள்ளையாகப் பூக்கும். சுற்றுவட்டாரத்து ஆடுகள் எல்லாம் வந்து தெருவை நக்கிக்கொண்டு நிற்கும், வண்டி ஹாரன் அடித்தாலும் நகராது. தெருக்காரர்களுக்கு அது ஒரு பேஜார்.

நான் அந்த வீட்டுக்குக் கூலி வாங்கவில்லை, சுவரை இறக்கிய ஆள் கூலியும் என்னுடையது. அதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள், அது அபராதம். வீடு முடிந்து குடி போனார்கள். முன்னறை வர வேண்டிய இடத்தில் கருங்கல் அஸ்திவாரம் மட்டும் பல் விழுந்த இடம் போலக் கிடந்தது. ஜெயசீலி ஆறு வருடம் அதைத் தாண்டித்தான் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனார். ஆம்பூர் வழியாகப் போகும்போதெல்லாம், கழுத்துப் பட்டை போட்ட பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், வேல விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. ஒரே ஒரு ரூமுக்கு மட்டும் வர முடியுமா?"

எந்த அறை என்று நான் கேட்கவில்லை. "ஏம்மா, வேற ஆள் கிடைக்கலயா?" என்று மட்டும் கேட்டேன்.

"கெடைப்பாங்க. இன்னாத்த காட்டினாலும் நல்லா கீதுன்னு சொல்வாங்க. நீங்க ஒரு வாட்டி பேனாவ கையில வெச்சினு கையெழுத்து போடாம நின்னீங்க இல்ல, அதான்."

போனேன். திமிரிப் பக்கத்துச் சூளையிலிருந்து புதுக் கல் லாரியில் வந்து நின்றிருந்தது. இன்னும் இறக்கவில்லை. பழக்கதோஷம், ஏறிப் போய் இரண்டு கல்லை எடுத்துத் தட்டக் கையை ஓங்கினேன்.

"தட்றதெல்லாம் அப்பறம் சார்" என்றார் ஜெயசீலி. கழுத்தில் பட்டை போட்டிருந்தார். "மொதல்ல அவரு பாக்கட்டும்."

தேவராஜ் லாரியில் ஏறினார். மேல் அடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று உருவி உருவி எடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உடைந்த உள்பக்கத்தை நக்கிப் பார்த்தார். டிரைவர் என்னிடம், "இன்னா சார் இது?" என்று கேட்டான். "டெஸ்ட் நடக்குது, சும்மா இரு" என்றேன். தெருவில் நின்றிருந்த ஆடு ஒன்று வந்து, கீழே விழுந்த ஒரு துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கே திரும்பிப் போனது.

கடைசிக் கல்லையும் பார்த்துவிட்டு அவர் பாதியை என்னிடம் நீட்டினார்.

"சப்புன்னு கீது. நீங்களும் பாருங்க சார்."

லாரி டிரைவர் பார்க்க, தெரு பார்க்க, நான் செங்கல்லை நக்கினேன். சப்பென்றுதான் இருந்தது. இறக்கச் சொன்னேன்.